சபரா, சொந்த ஊரா? வியாபாரிகள் போட வேண்டிய ஒரு கணக்கு



கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று தோட்டங்களைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் நம்மவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் நம் காதில் விழுகின்றன. ஒன்று ஊரிலிருந்து வருவது: "உங்கள் மருமகன் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான், காக்கா, அங்கே அழைத்துக்கொள்ள முடியுமா?" மற்றொன்று வீட்டுக்குள்ளேயே எழுவது: "வாப்பா, எனக்குக் கடை வேண்டாம், சிங்கப்பூருக்குப் போகட்டுமா?"

கேட்கும் வாய் இரண்டானாலும் கேள்வி ஒன்றுதான். பிறந்த ஊரில் இருந்து பிழைப்பதா, கடல் கடந்து போய்ப் பிழைப்பதா? நம் பாட்டனார் காலத்திலிருந்து நம் வீடுகளில் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. இதற்குப் "போ" என்றோ "இரு" என்றோ எல்லோருக்கும் பொதுவாக ஒரு விடை கூறுவதற்கில்லை. போனவர்களில் நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டு. ஊரிலேயே இருந்து நன்றாக வாழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் நம் சமூகத்தின் நூறு வருஷ அனுபவத்தைப் பேரேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டிப் பார்த்தால், மிக அதிகமாகக் கஷ்டப்பட்டவர்கள் மூன்றாவது கூட்டத்தார் என்பது தெரியவரும். போவதா, இருப்பதா என்று முடிவு செய்யாமலேயே முப்பது நாற்பது வருஷங்களைக் கழித்துவிட்டவர்கள் அவர்கள். இந்தப் பாடத்தைத்தான் இங்கே சற்று விரிவாக ஆராய முற்படுகிறோம்.

சபர் என்றால் என்ன?

சபர் என்ற அரபுச் சொல்லுக்குப் பிரயாணம் என்று பொருள். பிரயாணம் போனவர் திரும்பி வருவார் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நம் முன்னோர் வெளிநாடு சென்றதைக் குடியேற்றம் என்று சொல்லவில்லை. சபர் என்றார்கள், போனவரைச் சபராளி என்றார்கள். அவர் எத்தனை வருஷம் வெளியே இருந்தாலும் அவருடைய வீடு ஊரில்தான் இருந்தது.

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், தொண்டி, தேவிபட்டினம், பனைக்குளம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள் இந்த முறையிலேயே சென்றார்கள். பினாங்கில் ஆங்கிலேயர் கொடி ஏறியது 1786-ல். அடுத்த பதினைந்து வருஷங்களில், அதாவது 1801-ல், அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றிவிட்டது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா 1863-ல் தொடங்கியது. நம்மவர்கள் எவ்வளவு விரைவாகப் புதிய இடங்களில் கால் ஊன்றினார்கள் என்பதற்கு இவை சாட்சி.

நம் வட்டாரத்துக்கு வியாபாரம் வந்தது தோட்டங்களோடுதான். ரப்பர் ஏறுமுகமாக இருந்த காலத்தில் சிலாங்கூர் ஆற்றின் இரு பக்கமும் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. இந்த நாட்டில் செம்பனை முதன்முதலாக வியாபார நோக்கத்தோடு பயிரிடப்பட்டது 1917-ல், பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில். அந்த ஊருக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். தோட்டத்தில் லயம் இருந்தால் அரிசி, பருப்பு, மிளகாய், துணி, ரொட்டி எல்லாம் வேண்டும். சம்பள நாள் வரையில் பற்று எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும். சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு விடியற்காலையில் லயத்துக்கு ரொட்டி கொண்டுபோக ஒருவர் வேண்டும். அந்த இடங்களில் நம்மவர்கள் பலர் நின்றார்கள்.

பழைய முறையில் நன்மைகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு பங்குதாரர் கடையைப் பார்ப்பார். மற்றவர் ஊருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்ப்பார். முறை முடிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். கடைப்பையனாக வந்தவன் கணக்கு எழுதக் கற்றுப் பின்பு பங்குதாரனாக உயர்வான். 1926-ல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நாற்பது வருஷங்களுக்கு மேல் இந்தக் கடலில் போய் வந்தது. கப்பல் வந்துபோகும் வரையில் சபரும் நடந்தது.

மகன் கணக்கு

ஆனால் நன்மையை எழுதிய நாம் செலவையும் எழுத வேண்டாமா? ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் இரண்டரை வருஷம் கடையில் இருக்கிறார்; ஆறு மாதம் ஊரில் தங்குகிறார். மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. இது தாராளமான கணக்குத்தான். அவருக்கு ஒரு மகன் பிறக்கிறான். அந்த மகனுக்கு இருபது வயது நிறையும்போது, அவன் தகப்பனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் எவ்வளவு? மூன்று வருஷமும் நான்கு மாதமும். மீதிப் பதினாறு வருஷம் எட்டு மாதம் அவனுக்குத் தகப்பன் என்பது ஒரு மணியார்டரும் ஒரு கடிதமுந்தான். அவன் தாய்க்கும் இதே கணக்குத்தான். வரவுப் பக்கத்தில் மச்சு வீடு இருக்கலாம். பற்றுப் பக்கத்தில் இந்தப் பதினாறு வருஷமும் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், போருக்குச் சென்ற வீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்குச் சில மாதங்கள் என்று வரம்பு கட்டப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. ஓர் இரவில் ஒரு பெண்ணின் ஏக்கக் குரலைக் கேட்ட பிறகுதான் அந்த உத்தரவு பிறந்தது என்பார்கள். நாட்டைக் காக்கப் போனவர்களுக்கே வரம்பு உண்டென்றால், கடையைக் காக்கப் போனவர்களுக்கு வரம்பு வேண்டாமா? இந்தக் கேள்வியை நம் பெண்கள் கேட்டதில்லை. கேட்கும்படி நாம் அவர்களை உட்கார வைத்ததும் இல்லை.

கதவு அடைபட்ட மூன்று வேளைகள்

முடிவு செய்யாமல் இருப்பது சாதாரண நாட்களில் நோகாது. கதவு திறந்திருக்கும் வரையில் அங்கும் ஒரு கால், இங்கும் ஒரு கால் வைத்திருக்கலாம். திடீரென்று கதவு அடைபடும் நாளில்தான் அது நோகும். நம் காலத்துக்குள்ளும் நம் பெரியவர்கள் காலத்துக்குள்ளும் அப்படி மூன்று முறை அடைபட்டது.

முதலாவது, யுத்தம். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரியில் கோலாலம்பூரும் பிப்ரவரியில் சிங்கப்பூரும் அவர்கள் கைக்குப் போயின. அன்றிலிருந்து 1945 வரை இந்தியாவுக்குக் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணம் அனுப்ப வழி இல்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர் அநேகர். பெட்டியில் சேர்த்து வைத்த வாழைமர நோட்டுகள் யுத்தம் முடிந்ததும் வெறும் காகிதமாயின. ஊரில் இருந்த குடும்பங்களோ மூன்றரை வருஷ காலம், வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் நகையை விற்றும் அடகு வைத்தும் காலம் தள்ளின.

இரண்டாவது, சட்டம். இது ஒரே நாளில் அடைபடவில்லை. மெல்ல மெல்ல அடைபட்டது. அதனாலேயே அநேகர் கவனிக்கத் தவறினார்கள். 1957 ஆகஸ்ட் 31-ல் மலாயா சுதந்திரம் பெற்றது. அன்று நாட்டில் வசித்தவர்கள் மனுச் செய்து பிரஜையாகப் பதிந்துகொள்ளச் சட்டம் இடம் தந்தது. மனுவுக்கு முந்திய பன்னிரண்டு வருஷங்களில் மொத்தம் எட்டு வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். இனி நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணம் இருக்க வேண்டும். சுதந்திர நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்தவர்களில் சிலருக்கு மலாய் மொழிப் பரீட்சையும் தள்ளுபடி செய்யப்பட்டது.

இதைச் சபராளியின் கண்ணோடு பாருங்கள். இரண்டு வருஷம் கடை, இரண்டு வருஷம் ஊர் என்று பங்குதாரரோடு முறை வைத்திருந்தவருக்குப் பன்னிரண்டில் எட்டு என்பது கூடி வராது. எப்படிக் கூட்டினாலும் ஆறுதான் வரும். கூடி வந்தவர்களிலும் பலர், "அடுத்த வருஷம் ஊருக்கே போய்விடப் போகிறோம், நமக்கு எதற்கு?" என்று இருந்துவிட்டார்கள். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. ஆனால் 1968-ல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 1969-க்குப் பின் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பெட்டி கட்டினார்கள். சிவப்பு அடையாளக் கார்டோடு தங்கிப்போனவர்களில் சிலர், ஆயுள் முழுதும் இங்கே உழைத்தும் ஒரு வாக்குச் சீட்டைக் கையில் தொடாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

பக்கத்து நாட்டில் நடந்தது இதைவிடக் கடுமை. பர்மாவில் 1964-ல் கடைகளும் மொத்த வியாபாரமும் அரசுடைமையாயின. 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. ரங்கூனில் பரம்பரையாக வியாபாரம் செய்தவர்கள் வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

மூன்றாவது, நோய். 2020 மார்ச் 18-ல் இந்த நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஜொகூர்ப் பாலமும் அன்றே அடைபட்டது. அதே மாதம் இந்தியாவும் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. வழக்கமான விமானப் போக்குவரத்து இந்தியாவில் 2022 மார்ச் 27-ல் தான் மீண்டும் தொடங்கியது. மலேசியா 2022 ஏப்ரல் 1-ல் எல்லையை முழுமையாகத் திறந்தது. திருச்சிக்கு நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்று நம்பியிருந்தவர்கள் தாயின் ஜனாஸாவைக் கைபேசியில் பார்த்து அழுதார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த பிள்ளைகளுக்கும் ஜொகூர்ப் பாலம் கடலைப்போல் அகலமாகிவிட்டது.

யுத்தம், சட்டம், நோய் ஆகிய மூன்றும் வேறு வேறு காரணங்கள். நான்காவது எது என்று யாருக்கும் தெரியாது. 1990-ல் குவைத்தில் இருந்தவர்களுக்கும் ஆகஸ்ட் முதல் தேதி வரை தெரியாது. அடுத்த நாள் ஈராக் படை நுழைந்தது. சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் ஊர் திரும்ப நேரிட்டது. ஆகவே போவதா இருப்பதா என்று கேட்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கதவு அடைபடும் நாளில் நானும் என் மனைவி மக்களும் கதவின் ஒரே பக்கத்தில் இருப்போமா?

முடிவு செய்தவர்கள் என்ன செய்தார்கள்?

கடையநல்லூர், தென்காசிப் பகுதியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களில் பலர் ஆரம்பத்திலேயே வேறொரு வழியை எடுத்தார்கள். மனைவி மக்களையும் கூட அழைத்து வந்தார்கள். அன்று அதைக் குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் குடும்பம் வந்ததும் தேவைகள் மாறின. தேவைகள் மாறியதும் ஸ்தாபனங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் 1941-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. யுத்தம் முடிந்த மறு வருஷமே, 1946-ல், உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது 1982 வரை நடந்தது. தனி ஆளாக வந்தவருக்குப் படுக்க ஒரு பாய் போதும். குடும்பத்தோடு வந்தவர் பள்ளிக்கூடம் கட்டுவார்.

அவர்களுக்கும் செலவு இல்லாமல் இல்லை. ஊரில் இருந்த நிலத்தையும் வீட்டையும் மற்றவர் கையில் விட்டு வர வேண்டியிருந்தது. முதிய பெற்றோரைப் பிரிய வேண்டியிருந்தது. ஆனால் எந்தச் செலவை ஏற்கிறோம் என்பதை அறிந்து ஏற்றார்கள்.

ஊரிலேயே இருப்பது என்று முடிவு செய்தவர்களும் தாழ்ந்து போய்விடவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் வியாபாரிகளைப் பாருங்கள். அவர்கள் பதனிட்ட தோல்தான் கப்பல் ஏறி வெளிநாடு போயிற்று; பெரும்பாலோர் ஊரிலேயே இருந்தார்கள். அங்கே சபர் போனது சரக்கு. வியாபாரி இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919-லேயே எழுந்தது. திருச்சியில் 1951-ல் ஜமால் முகமது கல்லூரியை ஹாஜி ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவினார்கள். ஊரில் இருப்பவன் சோம்பேறி என்றும் கடல் தாண்டியவனே ஆண்பிள்ளை என்றும் நம் வீடுகளில் சில சமயம் பேசப்படுவது பெரும் தவறு. பெண் கொடுக்கும்போதுகூட "மாப்பிள்ளை எந்த நாட்டில்?" என்று கேட்கிறோமே, "மாப்பிள்ளை என்ன தொழில் அறிவார்?" என்று கேட்கிறோமா?

நம் வட்டாரத்தின் இன்றைய நிலை

இப்போது நம் வாசலுக்கு வருவோம். பாட்டனாருக்கு ஊர் என்றால் கடலுக்கு அப்பால் இருந்த கிராமம். பேரனுக்கு ஊர் என்றால் கோலசிலாங்கூர். புக்கிட் மெலாவத்தியும் ஆற்றங்கரை மீன் சந்தையுந்தான் அவன் கண்ணில் நிற்கும் ஊர். அவன் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறேன் என்னும்போது, பாட்டனார் விட்டுவந்த ஊரைப்போல் அவனும் ஓர் ஊரை விட்டுத்தான் போகிறான்.

நம் வாடிக்கையாளர்களும் இடம் மாறிவிட்டார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. தோட்டத் தமிழர் பட்டணத்துக்குப் போனார்கள். பல தோட்டங்களில் லயங்கள் காலியாயின. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருஷங்கள் காத்திருந்தன என்பதை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. 2011-ல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு ஈஜோக்கிலிருந்து தலைநகர்ப் பக்கம் போவது எளிதாயிற்று. அந்தச் சாலை இரண்டு வேலை செய்தது. நம் வாடிக்கையாளரைப் பெரிய பேரங்காடிக்குக் கொண்டுபோயிற்று. அதேசமயம், வீடு இங்கேயும் வேலை அங்கேயுமாக நம் பிள்ளைகள் இருப்பதற்கும் வழி திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மின்மினிப் பூச்சி பார்க்கவும் மீன் சாப்பிடவும் வெளியூர்க்காரர் வருவதற்கும் அதே சாலைதான்.

தோட்டச் சம்பள நாளை நம்பி நடந்த கடை இனி அதே உருவில் நடக்காது. மகன் "கடை வேண்டாம்" என்றால், அவன் நன்றி கெட்டவன் என்று முடிவு கட்டுவதற்கு முன், கடையின் ஐந்து வருஷக் கணக்கை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். கடை ஒரு குடும்பத்தைத் தாங்குமா, இரண்டைத் தாங்குமா, ஒன்றையும் தாங்காதா? தாங்காத கடையில் பிள்ளையைக் கட்டி வைப்பதும் தவறு. தாங்கக்கூடிய கடையை வெறும் மோகத்தால் விட்டுப் போவதும் தவறு.

ஐந்து கேள்விகள்

இனி, முடிவு செய்ய விரும்புவோர் ஒரு தாளில் எழுதி விடை காண வேண்டிய ஐந்து கேள்விகளைக் கூறுகிறோம். வாயால் சொன்னால் போதாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமக்கு வேதமே கட்டளையிட்டிருக்கிறது. வாழ்க்கையையே கொடுத்து வாங்கும் இந்த விஷயத்தை எழுதாமல் விடலாமா?

முதல் கேள்வி: போகிற இடத்தில் சட்டம் நம்மை யார் என்று சொல்கிறது?

ஊரிலிருந்து மருமகனை அழைக்க விரும்புவோர் இதை முதலில் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாட்களுக்கு வந்துபோக மலேசியா இடம் தந்தது. அது சுற்றிப் பார்க்க. கல்லாவில் உட்கார அல்ல. உரிய அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு, குடிநுழைவுச் சட்டப்படி ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஓர் ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பையனுக்கும் சிறை உண்டு. தங்கை மகனுக்கு உதவி செய்கிறேன் என்று அவன் பெயரில் ஒரு குற்றத்தை எழுதி வைப்பது உதவியாகுமா? முறையான அனுமதி கிடைக்கும் என்றால் அழையுங்கள். இல்லையென்றால், அழைப்பதற்கு ஆகும் பணத்தை ஊரிலேயே அவன் தொழில் படிக்கக் கொடுங்கள்.

இரண்டாவது கேள்வி: மனைவி மக்கள் எங்கே இருப்பார்கள்? அதை அவர்களிடம் கேட்டோமா?

ஊரில் நிக்காஹ் செய்யும் சிலாங்கூர்வாசிகள், அந்தத் திருமணத்தை ஆறு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாநிலத்தின் 2003-ம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் கூறுகிறது. ஊரில் குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். இவற்றைச் செய்யாமல் விட்டுப் பத்து வருஷம் கழித்துக் குழந்தையின் குடியுரிமைக்காக அலைபவர்களை நாம் காண்கிறோம். தகப்பனின் சோம்பல் பிள்ளையின் தலையில் விடிகிறது. பதிவுக்கெல்லாம் முன்பாக, "தனியாக இருக்க உனக்குச் சம்மதமா?" என்று மனைவியைக் கேட்டு, அவர் சொல்லும் விடையை ஒரு விடையாக மதியுங்கள்.

மூன்றாவது கேள்வி: எந்தத் தேதி வரை?

சபர் என்றால் திரும்பும் தேதி வேண்டும். "கொஞ்சம் சேர்ந்ததும்" என்பது தேதி அல்ல; கொஞ்சம் என்பது ஒருநாளும் சேர்வதில்லை. மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம். அன்று மறுபடியும் உட்கார்ந்து, திரும்புவதா, குடும்பத்தை அழைத்து நிரந்தரமாவதா என்று தீர்க்க வேண்டும். சிங்கப்பூர் போகும் பிள்ளைகளுக்கும் இதுவே. 1973 வரை இரண்டு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாறிற்று. இன்று சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல். அந்த வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அங்கே வீட்டு வாடகையும் அந்த நாட்டு வெள்ளியில்தான். சம்பளத்தை மட்டும் மூன்றால் பெருக்கிச் செலவைப் பெருக்காமல் விடுகிறவன் நல்ல வியாபாரியின் மகன் ஆகமாட்டான்.

நான்காவது கேள்வி: சொத்து எங்கே, யார் பெயரில்?

மலேசியாவும் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. இந்திய வம்சாவளியினருக்கு 2005-ல் ஏற்பட்ட ஓ.சி.ஐ. அட்டை ஆயுள்கால விசாவைப் போன்றது. குடியுரிமை அல்ல, வாக்கும் இல்லை. அந்த அட்டைக்காரர் வீடு வாங்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதை அறியாமல் தம்பி பெயரிலும் மச்சான் பெயரிலும் நிலம் வாங்கிப் போட்டு, பின்பு சொந்தமும் நிலமும் சேர்ந்து போனவர்கள் பலர். ஊரில் உள்ள பாகம் பிரிக்காத சொத்துகளை, பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பட்டியல் போட்டு வையுங்கள். சகோதரிகளின் பங்கையும் அந்தப் பட்டியலில் எழுதுங்கள். கடைப் பங்குக் கணக்கும் எழுத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது கேள்வி: வயதான காலத்துக்கு என்ன?

ஊழியர் சேமநிதி 1951 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. சம்பளக்காரருக்கு மாதந்தோறும் தானாகச் சேர்கிறது. கடைக்காரர் தாமாகச் செலுத்தினால்தான் உண்டு. நம்மில் அநேகர் கடையையே சேமநிதி என்று எண்ணியிருக்கிறோம். மகன் போய்விட்டால் அந்தக் கடையை யார் நடத்துவது? பிள்ளை வெளிநாடு போகிறான் என்றால், பெற்றோருக்கு மாதம் எவ்வளவு, நோய் வந்தால் உடனே வருவது யார், எந்தச் சகோதரன் அருகில் இருப்பது என்பவற்றை அவன் விமானம் ஏறும் முன்பே பேசி முடியுங்கள். அருகில் இருந்து பார்க்கும் பிள்ளைக்கு, தூரத்திலிருந்து பணம் அனுப்பும் பிள்ளையைவிடப் பெருமை குறைவு என்று எண்ணாதீர்கள்.

முடிவாக

சகோதரர்களே, போவது பாவமும் அல்ல, இருப்பது பயமும் அல்ல. ஹலாலான ரிஸ்கைத் தேடிப் பூமியில் பரவிச் செல்ல நமக்கு அனுமதி இருக்கிறது. அதேபோல் இருக்கும் இடத்திலேயே அந்த ரிஸ்க் வந்தடையவும் வழி இருக்கிறது. ஆனால் நாற்பது வருஷம் "பார்ப்போம், பார்ப்போம்" என்று சொல்லிக் கழிப்பதற்கு யாரும் அனுமதி தரவில்லை. அந்த நாற்பது வருஷம் நம்முடையது மட்டும் அல்ல. மனைவியுடையதும் பிள்ளைகளுடையதும் ஆகும்.

ஆகவே, இந்த வாரம் ஓர் இரவு இஷாவுக்குப் பின் கடையைச் சற்று முன்னதாகச் சாத்துங்கள். வீட்டில் எல்லோரையும், முக்கியமாகப் பெண்களையும் பெரிய பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். ஊரில் உள்ளவர்களைக் கைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, விடைகளைத் தேதி போட்டு எழுதுங்கள். கருத்து வேற்றுமை எழுந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரையோ பள்ளிவாசல் இமாமையோ துணைக்கு அழையுங்கள். தீர்த்த முடிவின்மீது இஸ்திகாரா தொழுது, அதன்படி நடங்கள். அந்தத் தாளைப் பேரேட்டுக்குள் பத்திரமாக வையுங்கள். வருஷம் ஒருமுறை ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் அதையும் எடுத்துப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல முடிவையும், எடுத்த முடிவில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.